அழகான சக்கரமும் உழைக்கிற சக்கரமும்

சைக்கிளைக் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தால் முதலில் கண்ணில் படுவது சக்கரம்தான். ஃபிரேம் என்பது சில குழாய்கள், அவ்வளவுதான். மீதி இடத்தை எல்லாம் அந்த இரண்டு வட்டங்களே அடைத்துக்கொள்கின்றன. அதனால் சைக்கிளை அழகுபடுத்த நினைக்கிறவர்கள் பெரும்பாலும் சக்கரத்தில்தான் கைவைக்கிறார்கள், அந்த ஆசை நியாயமானதும்கூட. ஆனால் ஓட்டுகிறவரின் எடையைத் தாங்குவதும், பள்ளத்தில் முதலில் இறங்குவதும், பிரேக் பிடித்தால் அந்த இழுப்பை வாங்கிக்கொள்வதும் அதே சக்கரம்தான். ஹேண்டில்பாரில் சுற்றிய டேப்பின் நிறம் பிடிக்காமல் போனால் வேறு டேப் சுற்றிக்கொள்ளலாம். சக்கரத்தில் பொருந்தாத இடத்தில் அழகு பார்த்துவிட்டால் ஒருநாள் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டியிருக்கும்.

அழகா, உழைப்பா என்று இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. சக்கரத்தின் சில அழகுகளுக்கு ஆயுளில் எந்த விலையும் கிடையாது. சில அழகுகள் ஆயுளைக் கூட்டவே செய்யும். சில மட்டும் ஓசையில்லாமல் ஆயுளைத் தின்றுகொண்டிருக்கும். எது எந்த வகை என்று பிரித்துப் பார்க்க நான் ஒவ்வொரு உறுப்பையும் பார்த்துக் கேட்கிற கேள்வி இதுதான்: இது கெட்டுப்போனால் எப்படிக் கெட்டுப்போகும், அப்போது என்னால் வீடு வந்து சேர முடியுமா, அப்புறம் அதைச் சரிசெய்ய முடியுமா? உறுதி என்பது இந்தக் கேள்வியில் ஒரு பகுதிதான். எவ்வளவு உறுதியாகச் செய்த சக்கரமும் என்றாவது தேயும், வளையும், அறுந்துபோகும். அந்த நாளில் அது எப்படி நடந்துகொள்கிறது என்பதில்தான் நல்ல சக்கரம் தெரியும்.

முதலில் சக்கரம் எடையை எப்படித் தாங்குகிறது என்று பார்த்துவிடலாம், மற்ற எல்லாம் அதிலிருந்துதான் வருகிறது. பழைய மரச் சக்கரத்தில் ஆரக்கால்கள் தூண்களாக நிற்கும், கீழே வருகிற ஆரக்கால் பாரத்தைச் சுமக்கும். சைக்கிள் கம்பியோ 2 மி.மீ. தடிமன்தான், அதை நிமிர்த்தி வைத்து மேலிருந்து அழுத்தினால் சட்டென்று வளைந்துவிடும். ஆகவே சைக்கிள் சக்கரத்தில் எல்லாக் கம்பிகளையும் முன்கூட்டியே இழுத்து முறுக்கி வைத்திருக்கிறார்கள். கம்பிகள் இழுவிசையில் இருக்கும், சுற்றியிருக்கும் ரிம், அதாவது டயர் உட்காரும் வளையம், அதற்கு ஈடாக உள்நோக்கி அழுந்தி நிற்கும். 1808-ல் ஜார்ஜ் கேய்லி பறக்கும் இயந்திரத்துக்கு எடை குறைந்த சக்கரம் வேண்டும் என்று இந்த ஏற்பாட்டை யோசித்தார். 1869-ல் பாரிஸில் யூஜின் மேயர் சைக்கிளுக்கான கம்பிச் சக்கரத்துக்குக் காப்புரிமை பெற்றார். 1874-ல் இங்கிலாந்தில் ஜேம்ஸ் ஸ்டார்லி, கம்பிகளைச் சக்கரத்தின் நடுவில் இருக்கிற ஹப்பிலிருந்து நேராக வெளியே கொண்டுபோகாமல் சாய்த்து, ஒன்றன்மேல் ஒன்று குறுக்கே போகும்படி கட்டும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். இன்றைக்கும் நாம் பார்க்கிற பெரும்பாலான சக்கரங்கள் அந்தக் கட்டுமானம்தான்.

நன்றாகக் கட்டிய பின்சக்கரத்தில் செயின் பக்கத்துக் கம்பி ஒவ்வொன்றும் சுமார் 100 முதல் 120 கிலோ எடைக்குச் சமமான இழுப்பில் இருக்கும். நீங்கள் ஏறி உட்கார்ந்ததும், டயர் தரையைத் தொடும் இடத்துக்கு நேர் மேலே இருக்கிற சில கம்பிகளில் மட்டும் அந்த இழுப்பு குறையும். மற்றவற்றில் பெரிய மாற்றம் இருக்காது. சக்கரம் சுற்றச் சுற்ற ஒவ்வொரு கம்பிக்கும் முறை வரும்: தளரும், திரும்ப இறுகும், தளரும், இறுகும். பெரும்பாலான பெரியவர் சைக்கிள்களில் வரும் 700சி அளவுச் சக்கரம் ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 470 தடவை சுற்றுகிறது. அப்படியானால் 1000 கி.மீ. ஓட்டி முடிக்கும்போது ஒவ்வொரு கம்பியும் 4.7 லட்சம் தடவை தளர்ந்து இறுகியிருக்கும். கம்பி அறுந்தால் "பாரம் அதிகம்" என்று சொல்லிவிடுகிறோம், பெரும்பாலும் காரணம் இந்தச் சோர்வுதான். அறுகிற இடமும் ஏறக்குறைய நிச்சயம்: ஹப்பின் துளைக்குள் நுழைந்து கம்பி வளைகிற முழங்கை. மொத்த இழுப்பும் போதாமல் இருந்தால் தளரும்போது கம்பி முழுக்கத் தொய்ந்துவிடும், தொய்ந்த கம்பி அந்த முழங்கையில் ஆடி ஆடி சீக்கிரம் போய்விடும். பின்சக்கரத்தில் செயின் பக்கம் கம்பி நன்றாக இறுக்கமாக இருக்கும்போது எதிர்ப்பக்கக் கம்பிகள் அதில் பாதியளவு இழுப்பில்தான் நிற்கும், பல்சக்கரங்களுக்கு இடம்விட ரிம்மை ஒருபக்கம் ஒதுக்கிக் கட்ட வேண்டியிருப்பதால். ஆகவே பாரமே வராத பக்கம்போலத் தெரிகிற இடதுபக்கத்தில் கம்பி அறுவது புதிரான விஷயம் இல்லை.

இதைப் புரிந்துகொண்டால் ஒரு நல்ல செய்தி கிடைக்கிறது. தடித்த கம்பிதான் உழைக்கும் என்று எல்லோரும் நினைக்கிறோம். உண்மையில் இரண்டு முனையிலும் 2 மி.மீ., நடுவில் 1.8 மி.மீ. என்று இடை மெலிந்த கம்பி, முழு நீளமும் ஒரே தடிமனாக இருக்கிற கம்பியைவிட அதிகக் காலம் வரும். நடுப்பகுதி கொஞ்சம் அதிகமாக நீண்டு சுருங்குவதால் முழங்கைக்குப் போகிற அதிர்ச்சி குறைகிறது. பார்க்கவும் மெல்லிசாக, நேர்த்தியாக இருக்கும். தட்டைக் கம்பியும் இப்படித்தான்: நல்ல எஃகில் 2.3 மி.மீ. அகலம், 0.9 மி.மீ. தடிமனாக அடித்துச் செய்த கம்பிகள் காற்றைக் கிழிக்க வந்தவைதான், ஆனால் நீண்ட ஆயுளுக்கும் பெயர்பெற்றவை. முறுக்கும்போது கம்பி திருகிக்கொண்டால் தட்டையாக இருப்பதால் கண்ணுக்கு உடனே தெரிந்துவிடும், இது கட்டுகிறவருக்குப் பெரிய உதவி. இங்கே அழகும் உழைப்பும் ஒரே பக்கம் நிற்கின்றன, விலைதான் கூடுதல். ரொம்ப அகலமான தட்டைக் கம்பி என்றால் மட்டும் கவனம், அதை நுழைப்பதற்காக ஹப் துளையை அறுத்து அகலப்படுத்த வேண்டிவரும், அது ஹப்பைப் பலவீனப்படுத்தும்.

இப்போது கம்பிகளின் எண்ணிக்கை. சண்டை அதிகம் நடப்பது இங்கேதான். முன்பு 36 கம்பி என்பது வழக்கம், பிறகு 32, அப்புறம் 28, 24, 20, பந்தய முன்சக்கரங்களில் 16 வரைக்கும் வந்தது. கம்பி குறைந்த சக்கரம் பார்க்க எடுப்பாக இருக்கிறது, மறுக்கவே முடியாது. நடுவில் வெற்றிடம் தெரியும்போது சைக்கிள் நின்றுகொண்டிருந்தாலும் வேகமாகப் போவதுபோல இருக்கும். ஆனால் 36 கம்பியில் ஒன்று அறுந்தால் ரிம் சில மில்லிமீட்டர் ஒதுங்கும், ரிம்மின் சுவரைக் கட்டையால் பிடிக்கிற ரிம் பிரேக் என்றால் அதைக் கொஞ்சம் தளர்த்திவிட்டு, அறுந்த கம்பியைப் பக்கத்துக் கம்பியில் சுற்றிவிட்டு மெதுவாக வீடு வந்துவிடலாம். 20 கம்பியில் ஒன்று போனால் அந்த இடைவெளி பெரிது, எதிர்ப்பக்கத்துக் கம்பி ரிம்மைத் தன் பக்கம் இழுத்துவிடும், பல சமயம் டயர் ஃபிரேமிலேயே உரசி நின்றுவிடும். ஜோடி ஜோடியாகக் கம்பி வைத்து நடுவே அகலமாக இடம்விட்ட சக்கரங்களில் இந்த ஒதுங்கல் இன்னும் கவலைக்குரியது. இதற்கு மேல், கம்பி குறைந்தால் பாரத்தைப் பகிர்ந்துகொள்ள ஆள் குறைவு, ஒவ்வொரு கம்பியும் அதிக இழுப்பில் இருக்க வேண்டும், ரிம்மில் நிப்பிள், அதாவது கம்பி முனையைப் பிடித்து இறுக்குகிற சின்ன மரை, உட்காரும் துளையைச் சுற்றி விரிசல் விழுகிற வாய்ப்பு கூடும். கேரியரில் சுமை ஏற்றிப் போகிறவர்களும் உடல் எடை அதிகமானவர்களும் கரடான சாலையில் தினமும் ஓட்டுகிறவர்களும் பின்சக்கரத்தில் 32-க்குக் கீழே இறங்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. இரண்டு பேர் மிதிக்கிற சைக்கிளுக்கும் நெடும்பயணச் சைக்கிளுக்கும் 40 கம்பிச் சக்கரம் கட்டுகிறார்கள் என்றால் அதற்குக் காரணம் இருக்கிறது.

இந்தக் குறைந்த கம்பி, உயரமான ரிம் மோகம் எங்கிருந்து வந்தது? பந்தயத்திலிருந்துதான். 1984 ஜனவரியில் மெக்சிகோ சிட்டியில் இத்தாலியரான ஃபிரான்செஸ்கோ மோசர், கம்பியே இல்லாத தட்டுச் சக்கரங்களில், ஒரு மணி நேரத்தில் அதிகத் தூரம் ஓட்டும் சாதனையை 51.151 கி.மீ.-க்குக் கொண்டுபோனார். மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் கம்பிகள் காற்றைக் கடைவது உண்மையான நஷ்டம், அதைக் குறைத்தால் உண்மையான லாபம். ஆனால் காற்றை எதிர்க்கச் செலவாகும் ஆற்றல் வேகத்தின் மூன்றாம் படியில் ஏறுகிறது, அதாவது 40 கி.மீ. வேகத்தில் சக்கரம் மிச்சப்படுத்துகிற ஆற்றலில் எட்டில் ஒரு பங்குதான் 20 கி.மீ. வேகத்தில் கிடைக்கும். வேலைக்குப் போய்வர ஓட்டுகிறவருக்கு அந்த லாபம் காலில் தெரியவே தெரியாது, அறுந்த கம்பி மட்டும் தெரியும். எடை விஷயமும் இதேதான். சுற்றுகிற எடை இரட்டிப்பாகக் கணக்காகும் என்பார்கள். ரிம்மில் இருக்கிற எடைக்கு, வேகம் எடுக்கிற நேரத்துக்கு மட்டும், அது ஏறக்குறைய சரி. ரிம்மிலும் டயரிலும் 300 கிராம் குறைத்தால் 600 கிராம் குறைத்த மாதிரி. ஆளும் சைக்கிளும் சேர்ந்து 90 கிலோ என்றால் அது ஒரு சதவீதம்கூட வராது. சீரான வேகத்தில் போகும்போது இரட்டிப்பும் கிடையாது.

ஆனால் உயரமான ரிம் என்றாலே ஒதுக்கிவிடவும் கூடாது. 30 மி.மீ. உயரம் வரும் அலுமினிய "வி" வடிவ ரிம்களைப் பாருங்கள். ஒற்றை கியர் சைக்கிள் மோகம் பரவியபோது விதவிதமான நிறங்களில் எல்லோரும் இவற்றை மாட்டினார்கள், வெறும் அலங்காரம் என்று பலர் நினைத்தார்கள். அலங்காரம்தான், ஆனால் ரிம்மின் உயரம் கூடினால் அது மேலும் கீழும் வளைவது கடினமாகிறது. தரையிலிருந்து வருகிற அடி அதிகக் கம்பிகளுக்குப் பரவுகிறது. கம்பிகள் ஒவ்வொரு சுற்றிலும் தளர்வது குறைகிறது. 32 கம்பியோடு கட்டினால் இது பலமான சக்கரம். கொஞ்சம் எடை கூடும், பெரிய பள்ளத்தில் சற்று அதிகமாக உலுக்கும், பக்கக் காற்று அடித்தால் முன்சக்கரம் லேசாக இழுக்கும். நகரத்துக்குள் ஓட்ட, கண்ணுக்கும் பிடிக்க வேண்டும், அடிக்கடி பழுதும் ஆகக்கூடாது என்று யாராவது கேட்டால் நான் தயங்காமல் கைகாட்டுவது இதைத்தான்.

கார்பன் ரிம் வேறு கதை. கார்பன் நார் சோர்வைத் தாங்குவதில் அலுமினியத்தைவிடச் சிறந்தது, நன்றாகச் செய்த கார்பன் ரிம் பல ஆண்டுகள் கோட்டமே இல்லாமல் ஓடும். நான் முன்னே சொன்ன கேள்வியை இங்கே போட்டுப் பார்க்க வேண்டும்: கெட்டால் எப்படிக் கெடும்? அலுமினிய ரிம் பள்ளத்தில் மோதினால் நசுங்கும், நசுங்கல் கண்ணுக்குத் தெரியும், பல சமயம் தட்டி நிமிர்த்தி இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாம். கார்பன் நசுங்காது. ஒரு எல்லை வரைக்கும் ஒன்றும் ஆகாது, அந்த எல்லையைத் தாண்டினால் வெடித்துப் பிளக்கும், சில சமயம் விரிசல் உள்ளே இருக்கும், மேலே பார்த்தால் தெரியாது. ரிம் பிரேக்கோடு வரும் கார்பனுக்கு இன்னொரு பலவீனமும் உண்டு. நார்களைப் பிடித்துவைத்திருப்பது பிசின், நீண்ட இறக்கத்தில் தொடர்ந்து பிரேக் பிடித்தால் ஏறுகிற சூட்டில் அது இளகி, டயர்க் காற்றின் அழுத்தத்தில் ரிம்மின் சுவர் வெளியே உப்பிப்போன சம்பவங்கள் நிறைய. ரிம்முக்குப் பதிலாக ஹப்பில் இருக்கிற தட்டைப் பிடிக்கும் டிஸ்க் பிரேக் வந்தபிறகு அந்தக் கவலை போய்விட்டது. ஆகவே டிஸ்க் பிரேக், நல்ல சாலை, பழுது பார்க்க வசதி, இவை இருக்கிறவர் கார்பன் வாங்குவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஊர் ஊராகச் சுமையோடு போகிறவர் வாங்கினால் கவலைப்படுவேன். கார்பனில் செய்த கம்பிகளும் உண்டு. 2009-ல் மாவிக் நிறுவனம் தன் ஆர்-சிஸ் முன்சக்கரங்களைத் திரும்பப் பெற்றது, கம்பிகள் உடைகிற ஆபத்து இருந்ததால்தான். எஃகுக் கம்பி ஒன்றுபோனால் சக்கரம் கோணும், கம்பிகள் மொத்தமாக உடைந்தால் ஆள் விழுவார், இந்த வித்தியாசத்தை எடை அட்டவணையில் யாரும் எழுதுவதில்லை.

நிறத்துக்கு வருவோம். நிறம் போட்டால் என்ன ஆகிவிடும் என்று தோன்றும், பெரும்பாலும் ஒன்றும் ஆகாதுதான், எங்கே போடுகிறோம் என்பதைப் பொறுத்தது. டிஸ்க் பிரேக் இருக்கிற சைக்கிளில் ரிம்முக்கு எந்தப் பெயின்டும் அடிக்கலாம், அதைத் தேய்க்க யாரும் இல்லை. ரிம் பிரேக் சைக்கிளில் பிரேக் கட்டை பிடிக்கிற சுவரிலும் நிறம் இருந்தால் சில வாரத்திலேயே திட்டுத்திட்டாக உரிந்து அசிங்கமாகும், அதுவரைக்கும் பிரேக்கும் சரியாகப் பிடிக்காது. அந்தச் சுவர் கடைந்து வெள்ளியாக விட்ட ரிம்தான் அங்கே நல்லது. அனோடைஸ் செய்த, அதாவது மின்சாரம் பாய்ச்சி அலுமினியத்தின் மேல் ஆக்சைடு படலம் வளர்த்த, அடர்சாம்பல், பழுப்பு ரிம்கள் 1980-களில் பெரிய மோகமாக இருந்தன, கெட்டியான படலம், உழைக்கும் என்று எல்லோரும் நம்பினார்கள். படலம் கெட்டிதான், ஆனால் நொறுங்கும் இயல்புடையது. கம்பித் துளைகளைச் சுற்றி அதில் விழுகிற மயிரிழை விரிசல் அடியில் இருக்கிற அலுமினியத்துக்குள் இறங்கிவிடும். கனமான அனோடைஸ் படலம் உலோகத்தின் சோர்வுத் தாங்குதிறனைக் குறைக்கும் என்பது பொறியியலில் தெரிந்த விஷயம். அழகுக்குப் போடுகிற மெல்லிய நிறப் படலத்தால் அவ்வளவு பாதிப்பு இல்லை, வெயிலில் வெளுக்கும், அவ்வளவுதான். குரோம் பூசிய எஃகு ரிம்மைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பளபளவென்று இருக்கும், லேசில் தேயாது, என்றென்றைக்கும் வரும்போலத் தோன்றும். மழையில் நனைந்துவிட்டால் பிரேக் கட்டை அதன்மேல் வழுக்கிக்கொண்டே போகும், நிற்க வேண்டிய இடத்தில் சைக்கிள் நிற்காது. இந்த ஒரு காரணத்துக்காகவே, ரிம் பிரேக் போட்ட சைக்கிளுக்கு அந்த ரிம்மை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன், அது எவ்வளவு காலம் உழைத்தாலும் சரி. அலுமினிய ரிம்முக்கும் ஆயுள் உண்டு, பிரேக் பிடிக்கப் பிடிக்கச் சுவர் தேயும். பல ரிம்களில் தேய்மானம் காட்டும் சிறு குழியோ கோடோ இருக்கும், அது மறைந்துவிட்டால் அல்லது சுவர் உள்வாங்கிக் குழிந்திருந்தால் மாற்றிவிடுங்கள். தேய்ந்த சுவர் டயர் அழுத்தம் தாங்காமல் பிரேக் பிடிக்கிற நேரம் பார்த்துப் பிளக்கும்.

சின்ன உறுப்பில் பெரிய தப்பு நடக்கிற இடம் நிப்பிள். சிவப்பு, நீலம், பொன் என்று நிறநிறமாக வருபவை பெரும்பாலும் அலுமினியம். பித்தளை நிப்பிள் ஒன்று ஒரு கிராம் இருக்கும், அலுமினியம் அதில் மூன்றில் ஒரு பங்கு; இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்து 50 கிராம்கூட மிச்சமாகாது. பதிலுக்கு என்ன கிடைக்கிறது என்றால், ஈரமும் உப்பும் பட்டால் எஃகுக் கம்பியோடும், கார்பன் ரிம் என்றால் அதோடும், அலுமினியம் வேதிவினை புரிந்து அரிக்கும், வெள்ளைப் பொடி பூத்து இறுகிக்கொள்ளும். சில வருடம் கழித்துக் கோட்டம் எடுக்க, நிப்பிளைத் திருப்பும் ஸ்போக் சாவி போட்டால் முனை மழுங்கும், இல்லாவிட்டால் தலையே பிய்ந்து வரும். ஒரு நிப்பிளுக்காகச் சக்கரத்தையே திரும்பக் கட்ட வேண்டிய நிலை வரும். அதனால் நிறம் வேண்டும் என்றால் ஹப்பில் தேடுங்கள், நிப்பிள் பித்தளையாக இருக்கட்டும், கறுப்பு பூசிய பித்தளையும் கிடைக்கிறது. நிப்பிளை ரிம்முக்குள் ஒளித்துவைத்த சக்கரங்களையும் நினைத்துப் பாருங்கள்: வெளியே சுத்தமாக, கம்பி ரிம்முக்குள் கரைந்துபோவதுபோல அருமையாக இருக்கும், ஆனால் கால் சுற்றுத் திருப்புவதற்கு டயர், ட்யூப், ரிம்மின் உள்ளே ஒட்டிய டேப் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். சின்னக் கோட்டம்தானே, அப்புறம் பார்க்கலாம் என்று தள்ளிப்போடுவீர்கள், தள்ளிப்போட்ட கோட்டம் சக்கரத்தைத் தின்றுவிடும்.

கம்பி பின்னுகிற விதத்திலும் அழகு பார்க்கிறார்கள். குறுக்கே போகாமல் நேர்க்கதிராகக் கட்டிய சக்கரம் சூரியன் மாதிரி இருக்கும். ரிம் பிரேக் போட்ட முன்சக்கரத்துக்கு அது போதும், ஏனென்றால் அங்கே ஹப் எதையும் திருக வேண்டியதில்லை. பின்சக்கரத்தில் செயினின் திருகுவிசையும், டிஸ்க் பிரேக் என்றால் முன்னாலும் பிரேக்கின் திருகுவிசையும் ஹப்பிலிருந்து ரிம்முக்குப் போயாக வேண்டும், அதற்குச் சாய்ந்த கம்பிகள் தேவை. 1874-லேயே தீர்த்துவைத்த விஷயம் இது. நேர்க்கதிரில் கம்பி ஹப்பின் விளிம்பை நேர் வெளியே இழுப்பதால் துளை கிழிந்துபோகும் அபாயமும் உண்டு, பல ஹப் தயாரிப்பாளர்கள் அப்படிக் கட்டினால் வாரண்டி கிடையாது என்கிறார்கள். கம்பிகளை ஒன்றோடொன்று முறுக்கிப் பூ மாதிரி கட்டுகிற வேலையும் இருக்கிறது, செய்கிறவரின் கைத்திறனை ரொம்ப மதிக்கிறேன், கண்காட்சிக்கும் ஞாயிற்றுக்கிழமை உலாவுக்கும் அருமை, தினசரி ஓட்டத்துக்கு வேண்டாம், அந்த முறுக்கு ஒவ்வொன்றும் கம்பிக்குப் புதிதாக ஒரு முழங்கை.

மேக் வீல் என்று சொல்கிற வார்ப்புச் சக்கரங்களைப் பற்றிக் கேட்பவர்கள் நிறைய. இவை ஸ்டைலுக்காகப் பிறந்தவை அல்ல. 1970-களில் பிஎம்எக்ஸ் என்ற, மண்பாதைப் பந்தயத்துக்கான சின்னச் சைக்கிள் ஓட்டிய சிறுவர்கள் தாவிக் குதித்துக் கம்பிச் சக்கரங்களை உடைத்துத் தள்ளிக்கொண்டிருந்தார்கள்; அதற்கு மருந்தாகக் கலிஃபோர்னியாவில் ஸ்கிப் ஹெஸ் மோட்டோமேக் என்ற அலுமினிய வார்ப்புச் சக்கரத்தைக் கொண்டுவந்தார், பின்னாலேயே கண்ணாடி நார் கலந்த நைலானில் ஸ்கைவே நிறுவனத்தின் டஃப் வீல் வந்தது. 20 அங்குலச் சின்னச் சக்கரம், எடை குறைந்த ஓட்டுநர், அங்கே அது அற்புதமாக வேலை செய்தது. பிற்பாடு அந்தத் தோற்றத்தை மட்டும் எடுத்துப் பெரிய சக்கரங்களுக்கு ஒட்டினார்கள். எடை கூடியது, கோட்டம் விழுந்தால் எடுக்க வழியில்லை, ஏனென்றால் திருப்புவதற்கு நிப்பிளே கிடையாது. ஒரு ஆரம் விரிசல்விட்டால் மொத்தச் சக்கரமும் குப்பைக்குத்தான் போகும். பராமரிக்க நேரமே இல்லாத, மெதுவாக, சமமான சாலையில் ஓடுகிற சைக்கிளுக்கு அது பரவாயில்லை என்பதற்கு மேல் என்னால் சொல்ல முடியவில்லை.

ஹப்பில் ஆசைப்பட்டதை வாங்கலாம். பாலிஷ், நிறம், பெரிய விளிம்பு, எதுவும் ஆயுளைக் குறைக்காது. உள்ளே பேரிங்குக்குத் தண்ணீர் புகாத மூடி இருக்கிறதா என்பதுதான் முக்கியம். தெருவே திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் கிர்ரென்று சத்தம் போடுகிற ஹப் பலருக்குப் பிடிக்கும், அந்தச் சத்தத்துக்கும் உறுதிக்கும் சம்பந்தமில்லை, உள்ளே இருக்கிற ஸ்பிரிங், பல், கிரீஸ் ஆகியவற்றின் அளவைப் பொறுத்தது அது. பல்சக்கரம் மாட்டுகிற உடற்பகுதி மென்மையான அலுமினியமாக இருந்தால் எஃகுப் பல்சக்கரங்கள் அதில் வெட்டுக் கோடு போட்டுவிடும். எஃகில் கிடைத்தால், எடை கொஞ்சம் கூடினாலும், எஃகையே எடுங்கள்.

டயரைச் சக்கரத் தேர்வில் யாரும் சேர்ப்பதில்லை, ரிம்மின் ஆயுளை அதிகம் தீர்மானிப்பதே டயர்தான். 23 மி.மீ. டயரில் நசுங்குகிற ரிம், அதே பள்ளத்தில் 32 மி.மீ. டயர் போட்டிருந்தால் தப்பித்துவிடும். மெல்லிய டயர் பந்தயச் சைக்கிளின் தோற்றம் தரும் என்று மாட்டிக்கொண்டு, ரிம் கோணுகிறது என்று வருத்தப்படுகிறவர்கள் முதலில் ஃபிரேமிலும் ஃபோர்க்கிலும் எவ்வளவு அகலம் இடம் இருக்கிறது என்று பார்க்கட்டும். அகலமான டயரில் பழுப்புப் பக்கச்சுவர் வைத்தது கிடைக்கிறது, சைக்கிளின் முகத்தையே மாற்றிவிடும், சக்கரத்துக்கு ஒரு கெடுதலும் இல்லை. டயரில் 32-622 என்று போட்டிருக்கிற இரண்டாவது எண் ரிம்மில் டயர் உட்காரும் விட்டம் மில்லிமீட்டரில். 622, 559, 406 மாதிரி பரவலான அளவில் இருந்தால் எங்கே போனாலும் டயர் கிடைக்கும். ஒரே ஒரு நிறுவனம் மட்டும் செய்கிற தனிக் கம்பி, தனி நிப்பிள் வைத்த சக்கரங்களுக்கும் இதே கவலைதான். கம்பி ஒன்று போனால் மாற்றுக் கம்பி வரும்வரை சைக்கிள் சுவரில் சாய்ந்து நிற்கும், அந்த மாதிரியைத் தயாரிப்பதை நிறுத்திவிட்டார்கள் என்றால் மொத்தச் சக்கரமும் வீண்.

இவ்வளவும் பார்த்து வாங்கியபிறகும், எல்லாவற்றையும் தீர்மானிப்பது கட்டுகிறவர் கைதான். சாதாரண ரிம், சாதாரண ஹப், 32 நல்ல கம்பிகள், பித்தளை நிப்பிள், இதைப் பொறுமையாகச் சீரான இழுப்பில் கட்டினால், அவசரமாகக் கட்டிய விலையுயர்ந்த சக்கரத்தைவிடப் பல மடங்கு உழைக்கும். மலிவான சக்கரங்கள் பெயர் கெட்டுப்போனதற்குப் பொருளைவிட, இயந்திரத்தில் பின்னி இழுப்புப் போதாமல் அனுப்புவதே பெரிய காரணம். புதுச் சக்கரம் வாங்கியதும் ஒரே பக்கத்துக் கம்பிகளை விரலால் சுண்டிப் பாருங்கள், ஏறக்குறைய ஒரே சுருதியில் ஒலிக்க வேண்டும். ஒன்று கணீரென்றும் அடுத்தது தொய்ந்தும் கேட்டால் மாட்டுவதற்கு முன்பே சரிசெய்யக் கொடுத்துவிடுங்கள். கட்டி முடித்ததும் பக்கத்துப் பக்கத்துக் கம்பிகளை ஜோடியாகச் சேர்த்துக் கையால் அழுத்தமாகப் பிழிவது என்று ஒரு வேலை இருக்கிறது. வளைத்த இடத்தில் கம்பிக்குள் தங்கிவிட்ட இறுக்கம் அதில் இளகிவிடுகிறது, முழங்கையில் சீக்கிரம் அறுவது வெகுவாகக் குறைகிறது. காசு செலவே இல்லாத வேலை, எந்த விளம்பரத்திலும் வராது. கட்டுகிறவரிடம் இதைச் செய்கிறாரா என்று கேளுங்கள், அவர் சொல்கிற பதிலிலேயே நிறையத் தெரிந்துவிடும்.

கடைசியாக ஒரு யோசனை, இரண்டு சக்கரமும் ஒன்றுபோல இருக்க வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. எடையில் பெரும்பங்கு பின்சக்கரத்தில்தான் இறங்குகிறது, ரிம் ஒருபக்கம் ஒதுங்கிக் கம்பிகள் சமமில்லாமல் நிற்பதும் அங்கேதான், செயின் இழுப்பும் அங்கேதான். ஆக, பின்னால் 32 அல்லது 36 கம்பி, குறுக்குப் பின்னல், முடிந்தால் துளைகள் ஒருபக்கம் தள்ளி வைத்த ரிம். அது இரண்டு பக்க இழுப்பையும் ஓரளவு சமப்படுத்தும். முன்னால் அதே ரிம்மை 28 கம்பியிலோ, பாரம் அதிகம் இல்லாதவர் 24-லோ கட்டிக்கொள்ளலாம், கம்பி தட்டையாக இருக்கட்டும், ரிம் உங்களுக்குப் பிடித்த நிறத்தில் இருக்கட்டும். முன்சக்கரம் திடீரென்று உடைந்தால் பின்சக்கரம் உடைவதைவிட ஆபத்து அதிகம் என்பதால் எடை குறைந்த விசித்திரப் பொருள்களை அங்கே மாட்ட வேண்டாம், எண்ணிக்கையை மட்டும் குறைத்தால் போதும். ஒரே ரிம், ஒரே நிறம் என்பதால் பக்கவாட்டில் பார்க்கிறவருக்கு ஜோடி மாதிரியே தெரியும், கம்பியை எண்ணிப் பார்க்கிறவர்கள் மட்டும்தான் வித்தியாசத்தைக் கண்டுபிடிப்பார்கள். புதுச் சக்கரத்தில் முதல் சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் ஒருமுறை கோட்டம் பார்த்து எடுத்துவிடுங்கள், நன்றாகக் கட்டியிருந்தால் அதற்குப் பிறகு நெடுங்காலம் ஸ்போக் சாவிக்கு வேலை இருக்காது.